பனித்தரையும் ஒப்பந்தப் படிவமும்

பொபி ஓரின் ஆட்டவாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் எத்தனை கோல் அடித்தார், எந்த அணி எந்த ஆண்டிற் கிண்ணத்தைக் கைப்பற்றியது என்பனவே அவ்வரலாற்றின் பொருளாக அமைகின்றன. ஆயின், விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவன் தன் உடலின் திறனை ஒரு விலைக்கு விற்கும் தொழிலாளி என்பதை மறுப்பதற்கில்லை. அவ்விலையை நிர்ணயித்தவர் யார், அவன் சார்பிற் பேசியவர் யார், உடல் தளர்ந்த பின்னர் அவன் கையில் எஞ்சியது யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படும்போதே விளையாட்டின் வரலாறு சமூக வரலாறாகின்றது. கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டக்காரரான பொபி ஓரின் வாழ்க்கை இவ்வகையில் ஆராய்தற்குரியது. பதினான்காம் வயதில் ஒரு கழகத்துக்குக் கட்டுப்பட்டு, பதினெட்டாம் வயதில் தொழில்முறை ஆட்டக்காரராகி, முப்பதாம் வயதில் ஆட்டத்தை விட்டு நீங்கியவர் அவர். 1962, 1966, 1976 ஆகிய ஆண்டுகளில் அவர் இட்ட மூன்று கையொப்பங்களைப் பின்தொடர்ந்து, அவற்றின் பின்னணியிலிருந்த தொழில் உறவுகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டமும் அதன் உடைமையாளரும்

பனிக்கட்டி ஹொக்கி வெப்பநாட்டு வாசகருக்கு அத்துணை அறிமுகமானதன்று. சுமார் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தரையில், பக்கத்துக்கு அறுவராக நின்று, உருக்கு அலகு பொருத்திய காலணிகளுடன் சறுக்கிச் சென்று, வளைதடியால் ஒரு தடித்த இறப்பர் வட்டினை எதிரணியின் கோலுக்குட் செலுத்துவதே இவ்வாட்டம். அறுவரில் ஒருவர் கோல் காப்பாளர், இருவர் பின்வரிசைக் காப்பாளர், மூவர் முன்வரிசையினர். உடலோடு உடல் மோதுவதற்கு விதிகள் இடமளிக்கின்றன. ஆதலின் வேகமும் மோதலும் ஒருங்கே வந்து தாக்கும் உறுப்பாக முழங்கால் அமைந்துவிடுகின்றது.

இவ்வாட்டத்தின் தொழில்முறை அமைப்புகளுள் முதன்மையானது 1917ஆம் ஆண்டு மொன்றியலில் உருவாக்கப்பட்ட தேசிய ஹொக்கி லீக் ஆகும். 1942 தொடக்கம் 1967 வரையான கால் நூற்றாண்டு காலம் மொன்றியல், ரொறன்ரோ, பொஸ்டன், நியூயோர்க், டிட்ரோயிற், சிக்காகோ ஆகிய ஆறு நகரங்களின் அணிகளே அதில் இடம்பெற்றன. அணிக்கு ஏறக்குறைய இருபது பேர் எனக் கொண்டால், இத்தொழிலின் உச்சியில் இருந்த இடங்கள் சுமார் நூற்றிருபதே. அவற்றை நாடிக் கனடாவின் சிற்றூர்களிலிருந்தும் சுரங்கப் பட்டினங்களிலிருந்தும் புறப்பட்ட இளைஞரோ பல்லாயிரவர். வேலைகொள்வோர் அறுவர், வேலை தேடுவோர் ஆயிரவர் என்ற இந்நிலையே அக்காலத்து ஒப்பந்தங்களின் தன்மையைத் தீர்மானித்தது.

ஒருமுறை கையொப்பமிட்ட ஆட்டக்காரன், அவனது அணி அவனை விற்கும்வரை, மாற்றும்வரை அல்லது விடுவிக்கும்வரை அவ்வணிக்கே உரியவனாயிருந்தான். ஒப்பந்தத்தின் காலம் முடிந்த பின்னரும் அவன் வேறோர் அணியுடன் பேரம்பேச முடியாதவாறு ஒப்பந்தத்தின் வாசகங்கள் அமைந்திருந்தன. சக ஆட்டக்காரன் என்ன சம்பளம் பெறுகின்றான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இக்கட்டுப்பாடு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின் தொடங்கியதுமன்று. அணிகள் இளைஞர் கழகங்களுக்குப் பணவுதவி அளித்து, ‘சீ படிவம்’ எனப்பட்ட ஒரு தாளிற் கையொப்பம் பெற்று, பதின்ம வயதுச் சிறுவரின் எதிர்காலத் தொழில் உரிமையை முன்கூட்டியே தம்வசமாக்கிக் கொண்டன.

முதலாவது கையொப்பம்

ஒன்ராறியோ மாகாணத்தில், ஹியூரன் ஏரியைச் சார்ந்த ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் உள்ள சிற்றூர் பரி சவுண்ட். பொபி ஓர் 1948ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி அங்கு பிறந்தார். தந்தை டக் ஓர் வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்தவர். குளிர்காலத்தில் உறைந்துவிடும் நீர்நிலைகளே அவ்வூர்ச் சிறுவரின் ஆட்டக்களங்களாயிருந்தன.

1961ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், கனனோக்குவே என்ற ஊரில் நடைபெற்ற சிறுவர் போட்டியொன்றுக்குப் பொஸ்டன் புறூயின்ஸ் அணியின் அலுவலர் சென்றிருந்தனர். அவர்கள் பார்க்கச் சென்றது வேறு இரு சிறுவரை. ஆனால் அவர்களின் கண்ணிற் பட்டது, ஏனையோரிலும் சிறிய உருவத்துடன் ஆட்டத்தின் போக்கையே தன் கைக்குள் வைத்திருந்த பதின்மூன்று வயது நிரம்பாத, அல்லது அப்போதுதான் பதின்மூன்றை எட்டிய பருவத்துப் பொபியை. அக்காலத்திற் பொஸ்டன் அணி லீக்கின் அடிமட்டத்திற் கிடந்தது. ஆகவே சிறுவனை வசப்படுத்துவதற்குப் பரி சவுண்ட் ஊரையே அது வசப்படுத்த முற்பட்டது. ஊரின் சிறுவர் ஹொக்கி அமைப்புக்குப் பணவுதவி வழங்கப்பட்டது. அணியின் அலுவலர் குடும்பத்தாரை மீண்டும் மீண்டும் சந்தித்துச் சென்றனர்.

1962ஆம் ஆண்டு, பதினான்காம் வயதில், பொபி பொஸ்டன் அணிக்குக் கட்டுப்பட்டார். அதற்கு ஈடாகக் குடும்பத்துக்குக் கிடைத்தவற்றுள் ஒரு தொகைப் பணமும், மோட்டார் வண்டியும், வீட்டின் வெளிச்சுவருக்குச் சாந்து பூசிக் கொடுப்பதும் அடங்கின. ஒரு மனிதனின் எதிர்காலத் தொழில் உரிமைக்குச் சுவர்ப்பூச்சு ஒரு பகுதி விலையாக அமைந்தமை இன்று வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு தொழிலாளியின் வீட்டில் அன்று அது சிறிய பொருளன்று. அவ்விலை நியாயமானதா என ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறொரு விலை சந்தையில் இருக்கவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

பொஸ்டன் அணியின் ஆதரவிலிருந்த ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற இளைஞர் கழகத்திற் பொபி சேர்க்கப்பட்டார். இளவயதில் மகன் வீட்டைவிட்டுச் செல்வதைத் தாய் விரும்பவில்லை. ஆதலின் முதலாவது பருவத்தில் அவர் ஊரிலேயே தங்கிப் பள்ளிக்குச் சென்று, வார இறுதிகளிற் பல மணிநேரம் காரிற் பயணஞ்செய்து ஆடிவிட்டு மீண்டார். தம்மிலும் நான்கைந்து வயது மூத்தவருடன் அவர் ஆட வேண்டியிருந்தது.

அஞ்சியவர்களின் காலம்

இத்தகைய ஒப்பந்தங்களை ஆட்டக்காரர் எதிர்க்கவில்லையா என்ற வினா இயல்பாகவே எழும். எதிர்த்தனர், எதிர்த்தவர் அடைந்த கதி ஏனையோருக்குப் பாடமாக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு பெப்ரவரியில் டிட்ரோயிற் அணியின் ரெட் லின்ட்சே, மொன்றியலின் டக் ஹாவி முதலியோர் ஒன்றுகூடி ஆட்டக்காரர் சங்கமொன்றை அமைத்தனர். தம் சம்பளத்திலிருந்து செலுத்தப்பட்டு வந்த ஓய்வூதிய நிதியின் கணக்குகளைக் காண வேண்டும் என்பதே அவர்களின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று.

அப்பருவத்தில் லின்ட்சே 85 புள்ளிகள் பெற்று, லீக் முழுவதிலும் இரண்டாம் இடத்தில் இருந்தார். எனினும் யூலை மாதத்தில் அவர் கடைநிலையிலிருந்த சிக்காகோ அணிக்கு மாற்றப்பட்டார். கோல் காப்பாளர் கிளென் ஹோலும் அவருடன் அனுப்பப்பட்டார். ரொறன்ரோவில் சங்கத்துக்காக முன்னின்ற ஜிம்மி தொம்சனும் சிக்காகோவுக்கே விற்கப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் டிட்ரோயிற் ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து விலகினர். 1958இற் சங்கம் மறைந்தது. திறமையின் உச்சியில் நின்றவரையே இவ்வாறு தண்டிக்க முடியுமாயின், பின்வரிசையில் நிற்பவனின் நிலை யாதாகும் என்பதை ஒவ்வொருவரும் உணர்ந்து கொண்டனர். பரி சவுண்டில் 1962இல் இடப்பட்ட கையொப்பம் இத்தோல்வியின் நிழலில் இடப்பட்டதாகும்.

இரண்டாவது கையொப்பம்

1966ஆம் ஆண்டு பொபி பதினெட்டு வயதை அடைந்தார். பொஸ்டன் அணியின் முகாமையாளரான ஹப் எம்ஸ் முதலில் முன்வைத்த சம்பளம், அக்காலத்துப் புதுமுக ஆட்டக்காரர் எவருக்கும் வழங்கப்படும் வழக்கமான தொகையை ஒட்டியதே. வழக்கத்தின்படி தந்தையும் மகனும் முகாமையாளரின் எதிரே அமர்ந்து, நீட்டப்பட்ட தாளிற் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஆனால் டக் ஓர், தமக்கு அறிமுகமான ரொறன்ரோச் சட்டத்தரணி ஒருவரின் உதவியை நாடினார். அவரே அலன் ஈகிள்சன். அப்போது ஒன்ராறியோச் சட்டசபையின் உறுப்பினராகவும் இருந்தவர்.

ஆட்டக்காரனின் சார்பிற் சட்டத்தரணி பேசுவதென்பது முகாமையாளர்கள் அறியாத ஒன்று. ஈகிள்சன் இணங்கவில்லை. பொபி கனடாத் தேசிய அணிக்காக ஆடச் செல்லக்கூடும் என்ற செய்தியும் பரவவிடப்பட்டது. ஆண்டுக்கணக்காகக் கடைநிலையிற் கிடந்த பொஸ்டனின் இரசிகர்களோ பொபியின் வருகையை எதிர்பார்த்து நின்றனர். ஈற்றில் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், பாரி என்ற ஊரில் எம்ஸின் படகொன்றில் வைத்து ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அதுவரை எந்தப் புதுமுக ஆட்டக்காரரும் பெற்றிராத சம்பளம் அதிற் குறிக்கப்பட்டிருந்தது.

இக்கையொப்பத்தின் விளைவு ஒருவரின் வருவாயோடு நிற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஸ்பிறிங்பீல்ட் இந்தியன்ஸ் என்ற சிறுதர அணியின் ஆட்டக்காரர் தம் உரிமையாளரின் கொடுமையான நடத்தையைத் தாங்காது ஆட மறுத்தபோது ஈகிள்சனையே உதவிக்கு அழைத்தனர். அவ்வுரிமையாளர் எடி ஷோர். ஒரு காலத்திற் பொஸ்டன் அணியின் புகழ்பெற்ற காப்பாளராக விளங்கியவரே தொழிலாளரை ஒடுக்கும் உடைமையாளராக மாறியிருந்தமை, வர்க்க நிலை மனிதனை எவ்வாறு மாற்றும் என்பதற்குச் சான்றாகும். 1967இன் தொடக்கத்தில் ஷோர் அணியின் நிருவாகத்திலிருந்து ஒதுங்க நேர்ந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் தேசிய ஹொக்கி லீக் ஆட்டக்காரர் சங்கம் நிறுவப்பட்டது. ஈகிள்சன் அதன் நிறைவேற்றுப் பணிப்பாளரானார். லின்ட்சேயினால் இயலாதது பத்தாண்டுகளின் பின்னர் இயன்றது. அணிகளின் எண்ணிக்கை அவ்வாண்டிலேயே ஆறிலிருந்து பன்னிரண்டாகி, ஆட்டக்காரருக்கான தேவை அதிகரித்திருந்தமையும் இவ்வெற்றிக்குத் துணைசெய்தது எனலாம்.

ஆட்டத்தை மாற்றிய காப்பாளர்

பின்வரிசைக் காப்பாளரின் கடமை எதிரியை மறிப்பதும், வட்டினை முன்வரிசையினரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னிற்பதுமே என்று அதுவரை கருதப்பட்டது. பொபி வட்டினைத் தாமே கொண்டு முன்னேறினார். எதிரணி முழுவதையும் தம்பால் ஈர்த்து, சக ஆட்டக்காரருக்கு வெளியைத் திறந்துவிட்டு, ஆட்டம் திசைமாறும்போது ஏனையோர் திரும்புவதற்கு முன்னரே தம் இடத்துக்கு மீண்டார். அவரது சறுக்கல் வேகமே இதனைச் சாத்தியமாக்கியது.

1966-67 பருவத்திற் சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்கான கோல்டர் கிண்ணம் அவருக்குக் கிடைத்தது. 1968 தொடக்கம் 1975 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சிறந்த காப்பாளருக்கான நோரிஸ் கிண்ணத்தைப் பெற்றார். 1969-70 பருவத்தில் 120 புள்ளிகளுடன் லீக்கின் புள்ளி வரிசையில் முதலிடம் பெற்றார். 1974-75இலும் அவ்விடம் அவருக்கே கிட்டியது. வேறெந்தக் காப்பாளரும் அவ்விடத்தை இன்றுவரை எட்டியதில்லை. 1970-71இல் அவர் பெற்ற 139 புள்ளிகளும் காப்பாளர் ஒருவரின் சாதனையாக நிலைத்துள்ளன.

1970ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி பொஸ்டனில் நடைபெற்ற இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தின் நாற்பதாவது செக்கனிற் பொபி அடித்த கோல், இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் ஸ்ரான்லிக் கிண்ணத்தைப் பொஸ்டனுக்குப் பெற்றுக் கொடுத்தது. எதிரியின் தடியால் இடறப்பட்டு, கைகளை விரித்தபடி அந்தரத்தில் அவர் மிதக்கும் நிழற்படம் உலகறிந்தது. அப்படத்தில் தோல்வியுற்று நிற்கும் கோல் காப்பாளர், 1957இல் லின்ட்சேயுடன் சிக்காகோவுக்கு அனுப்பப்பட்ட அதே கிளென் ஹோலே. அஞ்சிய தலைமுறையும் அஞ்சாத தலைமுறையும் ஒரே சட்டத்துள் அமைந்துவிட்டன.

1971இற் பொபி, ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டொலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றார். லீக்கின் வரலாற்றில் முதலாவது பத்து இலட்சம் டொலர் ஒப்பந்தம் அதுவே. 1972இல் மீண்டும் கிண்ணம் பொஸ்டனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் உலக ஹொக்கிச் சங்கம் என்ற போட்டி அமைப்பு ஆட்டங்களைத் தொடங்கி, பொபி ஹல் போன்றோரைப் பெருந்தொகை கொடுத்து ஈர்த்தது. அமெரிக்க நீதிமன்றமும் பழைய ஒப்பந்த வாசகங்களின் பிடியைத் தளர்த்தியது. ஆட்டக்காரன் தன் விலையைப் பேசும் காலம் பிறந்துவிட்டதாகத் தோன்றியது.

மூன்றாவது கையொப்பம்

ஆனால் விற்கப்படும் பொருள் தேய்ந்து கொண்டிருந்தது. முதலாவது பருவத்திலேயே பொபியின் இடது முழங்கால் காயமுற்றது. மூட்டைத் திறந்து செய்யப்பட்ட அக்காலத்துச் சத்திரசிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. அவை பத்தினையும் கடந்தன. 1975-76 பருவத்தில் அவரால் ஆடமுடிந்தவை பத்து ஆட்டங்களே.

அப்பருவத்துடன் ஒப்பந்தமும் முடிவுற்றது. பொஸ்டன் உரிமையாளர் அவரைத் தக்கவைத்துக் கொள்வதற்கு முன்வைத்தவற்றுள் அணியின் உடைமையில் 18.5 சதவீதப் பங்கும் இடம்பெற்றிருந்தது. பொபியோ 1976 யூனிற் சிக்காகோ அணியுடன் கைச்சாத்திட்டார். அப்பங்கு பற்றித் தமக்கு எடுத்துரைக்கப்படவில்லை என்று பொபி பின்னர் கூறினார். ஈகிள்சன் அதனை மறுத்தார். ஆயின் இருவரும் மறுக்காத உண்மைகள் சில உள. பேச்சுவார்த்தை முழுவதையும் நடத்தியவர் ஈகிள்சன். பொபி அவரைச் சகோதரனாகவே கருதினார். சிக்காகோ அணியின் தலைவரான பில் வேட்ஸ் ஈகிள்சனின் நெருங்கிய நண்பர். தனி ஆட்டக்காரரின் முகவர், ஆட்டக்காரர் அனைவரதும் சங்கப் பணிப்பாளர், சர்வதேசப் போட்டிகளின் அமைப்பாளர் ஆகிய பதவிகள் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தன. உடைமையாளரோடு மோத வேண்டிய இடத்தில் இருந்தவர் உடைமையாளரின் நட்பில் இருந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஈகிள்சன் அமைத்த கனடாக் கிண்ணப் போட்டியில், சிதைந்த முழங்காலுடன் ஆடிய பொபி தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்யப்பட்டார். அதன்பின் எஞ்சியது மிகச் சிறிதே. சிக்காகோவுக்காக அவர் ஆடியவை 26 ஆட்டங்கள். 1978 நவம்பரில் அவர் ஓய்வை அறிவித்தார். 657 ஆட்டங்களில் 915 புள்ளிகள், வயது முப்பது. மறுஆண்டு, வழமையான காத்திருப்புக் காலம் தள்ளுபடி செய்யப்பட்டு, புகழ்மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அப்பொழுது அவரது வரிக்கடன்கள் சொத்தின் மதிப்பை விஞ்சி நின்றன. 1980இல் ஈகிள்சனுடனான தொடர்பை அவர் முறித்துக் கொண்டார்.

திறக்கப்பட்ட கணக்குகள்

ஈகிள்சன் மேலும் ஒரு தசாப்தத்துக்கு மேலாகச் சங்கத்தை நடத்தினார். அவரது ஆட்சியைக் கேள்விக்குள்ளாக்கியவர்கள் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களே. கார்ள் புறூவர் முதலியோர் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் கோரி, லீக்குக்கு எதிராக ஒன்ராறியோ நீதிமன்றத்திற் 1992இல் வெற்றி பெற்றனர். 1994இற் கனடா உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தமையால் அத்தீர்ப்பு நிலைத்தது. 1957இல் லின்ட்சே கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் லோரன்ஸ் நகரத்துப் பத்திரிகையாளர் றஸ் கொன்வே 1991 முதல் ஈகிள்சனின் நிதி நடவடிக்கைகளை அம்பலப்படுத்தி எழுதினார். 1998 ஜனவரியிற் பொஸ்டன் நீதிமன்றத்திலும் ரொறன்ரோ நீதிமன்றத்திலும் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். ரொறன்ரோவிற் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் புகழ்மண்டபத்தில் நீடிப்பின் தாம் வெளியேறுவதாகப் பொபி உட்பட முன்னாள் ஆட்டக்காரர் பலர் அறிவிக்க, அவ்வாண்டு மார்ச்சில் அவர் அதிலிருந்து விலகினார்.

முடிவுரை

இவ்வரலாற்றை ஒரு நல்லவனும் ஒரு தீயவனும் மோதிய கதையாகச் சுருக்குவது பொருந்தாது. 1966இல் ஈகிள்சன் செய்தது உண்மையான பணியே. அதன் பயனை ஒரு தலைமுறை முழுவதும் நுகர்ந்தது. பொபியின் கையொப்பங்களை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஒரு பொதுமை புலனாகின்றது. 1962இல் தாளை வாசித்துக் காட்டியவர் அணியின் அலுவலர். 1966இலும் 1976இலும் வாசித்துக் காட்டியவர் ஈகிள்சன். வாசிப்பவர் மாறினார், கையொப்பமிடுபவரின் நிலை மாறவில்லை. அச்சத்தினால் 1957இன் சங்கம் அழிந்தது. 1967இன் சங்கமோ அளவிறந்த நம்பிக்கையினாற் பழுதுற்றது. தம் சார்பிற் பேச ஒருவரைத் தெரிவு செய்வது தொழிலாளரின் முதலாவது வெற்றி. அவரிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பது இரண்டாவது. முதலாவதோடு நின்றுவிடுமிடத்து, விடுதலை பெற்றவன் வேறொருவனின் கைப்பொருளாகி விடுகின்றான்.

2010ஆம் ஆண்டு, ஆட்டக்காரர் தம்முள் மிகச் சிறந்தவரைத் தாமே தெரிவு செய்து வழங்கும் விருதுக்கு ரெட் லின்ட்சேயின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டிற் பொஸ்டன் ஆட்டரங்கின் முன்னால் பொபி ஓரின் வெண்கலச் சிலை திறந்து வைக்கப்பட்டது. அந்தரத்தில் மிதக்கும் அவ்விளைஞனின் உருவத்தைக் காண்போர் அவர் அடித்த கோலையே நினைவுகூர்வர். அவ்விளைஞன் எத்தகைய ஒப்பந்தத்தின்கீழ் அக்கோலை அடித்தான் என்பதையும் சேர்த்து நினைவூட்டுவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.